பீமனின் சைக்கிள்

தெருக்கூத்தில் வருடா வருடம் பீமனாகவே ஆடிச் சலித்துப்போன தட்சணாமூர்த்திக்கு, ஒருமுறையாவது அர்ஜுனனாக ஆடிவிட ஆசை. தொப்பைதான் தடை.

மரக்காணம் உப்பளத்தில் வேலை முடிந்ததும் தினமும் வாடகை சைக்கிளில் பெருமுக்கல் வரை மிதித்துவிட்டு வந்தான். பங்குனி பிறப்பதற்குள் தொப்பை கரைந்தது. கெண்டைக்கால் கல்லாக இறுகியது.

"ஏம்பா, உடம்புக்கு என்னா?" என்று உப்பளத்தில் விசாரித்தார்கள். அவன் சிரித்துக்கொண்டான்.

கூத்து வாத்தியார் காசிலிங்கம் அவனைச் சுற்றிவந்து பார்த்தார்.

"டேய், பீமனுக்கு இனிமே நீ லாயக்கில்ல."

"தெரியுங்க வாத்தியாரே!"

"இடுப்பு நல்லா சிறுத்துடுச்சு. தோளும் ஒடுங்கிப்போச்சு."

"அப்போ வேஷத்த மாத்துறீங்களா?"

"மாத்தாம? ஆள் கெடைக்காமதான் தவிச்சுக்கிட்டிருந்தேன்."

வேஷப் பெட்டியைத் திறந்து, திரௌபதியின் சேலையை எடுத்து நீட்டினார்.

"நல்லா எறக்கிக் கட்டு. அந்தக் கெண்டைக்கால் மட்டும் வெளிய தெரியக் கூடாது."