மிச்சம் ஒரே இடம்

வசந்தாவிடமிருந்து நான்காவது அழைப்பு. கலைவாணி போனை சைலண்டில் போட்டு, பையின் அடியில், மகளின் டிபன் பாக்ஸுக்குக் கீழே திணித்தாள். விஷயம் தெரிந்துபோய்ச் சண்டைக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தாள்.

அவள் மகளோடு காத்திருந்தது செம்பரம்பாக்கத்தில் புதிதாக வந்திருக்கும் ஒரு குடோனில். சிறப்புப் பள்ளியில் படித்து முடித்த இரண்டு பேருக்குப் பேக்கிங் வேலை தருவதாகச் சொல்லி, வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். நேற்றுச் சாயங்காலம் பள்ளியின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்தது. ஓர் இடம் நிரம்பிவிட்டது, மிச்சம் ஒன்றுதான். இன்டர்வியூ நாளைக்கே, காலை பதினோரு மணிக்குள் வர வேண்டும்.

வசந்தாவிடம் இருப்பது பட்டன் போன். குரூப்பில் எது வந்தாலும் உடனே கூப்பிட்டு அவளுக்குச் சொல்வது கலைவாணிதான். ஃபீஸ் கட்டும் தேதி முதல் மழை லீவு வரை இத்தனை வருடமாக ஒன்றுவிடாமல் சொன்னவள், இதை மட்டும் சொல்லவில்லை.

கலைவாணி கெட்டவள் இல்லை. பதினெட்டு முடிந்ததும் பள்ளியில் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடமாக மகள் நிவேதிதா தினமும் காலை எட்டரைக்குப் பழைய யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, வராத வேனுக்காக வாசலில் போய் நிற்கிறாள். வசந்தாவின் மகன் திருமுருகனும் அதே வகுப்பு, அவனும் வீட்டில்தான் இருக்கிறான். அதை நினைத்தால் தூக்கம் வராது என்பதால் கலைவாணி நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். தூக்கம் எப்படியும் வரவில்லை.

காலையில் நூம்பல் வீட்டிலிருந்து வரும் வழியில் பஸ் கரையான்சாவடியில் நின்றது. வசந்தாவின் வீடு அங்கேதான். கண்ணில் பட்டுத் தொலைத்தால் என்ன சொல்வது என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, பஸ் கிளம்பும் வரை மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, திரு எங்க?" குடோனுக்கு வந்ததிலிருந்து நிவேதிதா மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"வருவான். கம்முனு ஒக்காரு."

மணி பார்க்கப் போனை எடுத்தபோது இன்னொரு அழைப்பு வந்துகொண்டிருந்தது. இந்த முறை கீழ் வீட்டு ராஜகுமாரி. தண்ணீர் லாரி வந்திருக்கும், குடம் எடுத்துவரச் சொல்லிக் கூப்பிடுவாள். ஒரு நாள் தண்ணீர் பிடிக்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று அதையும் விட்டாள்.

சூப்பர்வைசர் ஸ்ரீராம் உள்ளே கூப்பிட்டார். பத்து அட்டைகளைக் கொடுத்துப் பெட்டியாக மடித்து டேப் ஒட்டச் சொன்னார். நிவேதிதா எண்ணுவதில்தான் தடுமாறினாள். மடித்ததில் ஒரு பெட்டிகூடக் கோணவில்லை.

"சூப்பரா பண்றாங்கம்மா" என்றவர், கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். "இன்னொரு பையன் பேரும் இருக்கு, திருமுருகன்னு. மணி பதினொண்ணு ஆகப்போகுது, இன்னும் காணோம். உங்க ஸ்கூல்தானே, தெரியுமா?"

"தெரியாது சார்."

"திரு என் ஃப்ரெண்டு!" என்றாள் நிவேதிதா, சத்தமாக.

கலைவாணிக்கு உடம்பெல்லாம் கூசியது. ஸ்ரீராம் சிரித்துவிட்டு, பட்டியலில் ஒரு பெயருக்கு டிக் போட்டார். இன்னொன்றை அடித்தார்.

"திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடட்டும். வேன் நாங்களே அனுப்பிடுவோம்."

"வேனா?" என்று நிவேதிதா கை தட்டினாள்.

கேட்டுக்கு வெளியே வந்தபோது கலைவாணிக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மகளின் முகத்தைக்கூட நேராகப் பார்க்க முடியவில்லை. போனில் ஏழு மிஸ்டு கால் இருந்தது. திட்டினால் திட்டட்டும், காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று வசந்தாவைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"கலை! எங்கடி கீற? எனக்கு உசுரே போச்சு!"

"அக்கா..."

"இன்டர்வியூவ இன்னிக்கே மாத்திட்டாங்களாம்டி. எனக்குத்தான் மெசேஜ் வராதேன்னு டீச்சர் காலைல போன் பண்ணி சொன்னாங்க. ஒரு இடந்தான் பாக்கியாம். உடனே திருவ இட்டுகினு உன் ஊட்டாண்ட ஓடியாந்தேன். பாத்தா பூட்டு தொங்குது. நீ போனும் எடுக்கல. கீழ் ஊட்டம்மாவ உட்டு அடிக்க சொன்னேன், அதையும் எடுக்கல."

கலைவாணி மகளை விட்டு இரண்டடி தள்ளிப் போனாள்.

"நூம்பலுக்கு ஏன்க்கா போன? உன் வீட்லேர்ந்து நேரா செம்பரம்பாக்கம் போயிருக்கலாமே."

"நல்லா கீதே! நிவிய உட்டுட்டு நாங்க மட்டும் போறதா? ரெண்டு புள்ளைங்களும் போய் நிக்கட்டும், யாருக்கு கெடைக்குதோ கெடைக்கட்டும்னு நெனச்சேன். இப்ப டைமும் தாண்டிப்போச்சு. சரி உடு."

"அக்கா, அந்த மெசேஜ் நேத்தே எனக்கு..."

"தெரியும்டி, நீ கவனிச்சிருக்க மாட்ட. பாத்திருந்தா எனக்கு சொல்லாம இருப்பியா?"