காய்ச்சல் வர வேண்டும்

மகளின் நெற்றியில் கை வைத்தாள்.

குளிர்ந்திருந்தது.

கையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி நாற்காலியில் சரிந்தாள்.

"இப்பதானே தொட்டுப் பாத்த? நெத்தி தேஞ்சிரப் போவுதும்மா" என்றாள் தர்ஷிகா. கண்ணைத் திறக்கவில்லை.

மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து அந்த வீட்டுக்குக் காய்ச்சல்தான் எமன். லேசாகச் சுட்டால் போதும், கொதிக்கிற குழம்பை அப்படியே இறக்கிவைத்துவிட்டு ஆட்டோ பிடிப்பாள். மகள் அழ மாட்டாள். வழியெல்லாம் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வருவாள்.

மருந்துகள் எல்லாம் கைவிட்ட பிறகு இந்தப் புதுச் சிகிச்சை. முகம் தெரியாத யாரோ ஒருவரின் செல்கள். அவற்றின் மரபணுவைத் திருத்தி, நோயைத் தேடிக் கொல்லப் பழக்கியிருக்கிறார்களாம். போன வாரம் ஏற்றினார்கள். சின்னப் பை. காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

எந்த ஊர்க்காரரோ. இத்தனை தூரம் வந்த களைப்பில், உள்ளே எங்காவது அவரும் உட்கார்ந்துவிட்டாரோ.

நேற்று டாக்டர் அவளை வராந்தாவுக்கு அழைத்துச் சொன்னார். இனிமேல் காய்ச்சல் வரலாம். வந்தால் உடனே கூப்பிடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் பயப்படாதீர்கள். செல்கள் வேலையைத் தொடங்கிவிட்டன என்பதற்குப் பெரும்பாலும் அதுதான் அடையாளம்.

மகளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. உனக்குக் காய்ச்சல் வரட்டும் என்று பெற்றவள் எப்படிச் சொல்வது?

சாமியிடமும் கேட்கத் தெரியவில்லை. இத்தனை நாள் வேண்டாம் வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு, இப்போது எந்த முகத்தோடு போய் நிற்பது?

தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தொடும்போதெல்லாம் குளிர்ச்சி. கை இரும்பாய்க் கனத்தது.

உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டாள்.

விழித்தபோது ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. மகள் முதுகைக் காட்டிக் குறுகிப் படுத்திருந்தாள்.

எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள்.

குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை நெற்றியோடு அழுத்திப் பிடித்திருந்தாள் தர்ஷிகா.

திடுக்கிட்டுத் திரும்பினாள். கன்னம் சிவந்திருந்தது. உதடு உலர்ந்திருந்தது.

"ஒண்ணுமில்லம்மா. சுடவே இல்ல. நீ தூங்கு."

அம்மா பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

வெதுவெதுவென்றிருந்தது.

ஒரு கையால் நர்ஸை அழைக்கும் மணியை அழுத்தினாள். பாட்டிலைக் கீழே வைக்க மனம் வரவில்லை.