கடைசி முடிச்சு

"அண்ணே, இந்தக் காட்டு ஆஸ்டர் பூச்செடியை இப்பவே பாதியா வெட்டிவிடுங்க. ஆளுயரம் வளர்ந்து மழையில சாஞ்சிடும்," என்றாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுக்காரி.

"வெட்டக் கூடாது!" என்றாள் அவர் மனைவி. "வளர்ற வரைக்கும் வளரட்டும். கம்புல நானே கட்டிக்கிறேன்."

செடி வளர வளர, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஒவ்வொரு முடிச்சாகப் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் வியர்த்துக் கொட்டியது. கணவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பாவம், மூச்சு வாங்குறாங்க. கொஞ்சம் கை கொடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று அவரிடம் கேட்டாள் பக்கத்து வீட்டுக்காரி.

"கொடுத்தா என்னைக் கொன்னுடுவாம்மா."

மழையும் வந்து போனது. ஒரு தண்டுகூடச் சாயவில்லை. உச்சி வரை ஊதாப் பூக்கள்.

ஒரு நாள் காலை, உச்சிக்குச் சற்றுக் கீழே கடைசி முடிச்சை இறுக்கிவிட்டு, "போட்டுட்டேன்!" என்று கத்தினாள்.

கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்குப் பின்னால் அவளுடைய சக்கர நாற்காலி காலியாக இருந்தது. ஒரு விபத்துக்குப் பிறகு, அவளால் இனி எழுந்து நிற்கவே முடியாது என்று டாக்டர்கள் கைவிரித்திருந்தார்கள்.

"அக்கா, இருங்க, நான் ஓடி வரேன்!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"நீ அங்கேயே நில்லு."

ஒரு கொத்துப் பூவைப் பறித்துக்கொண்டு, வேலியை நோக்கி அவளே நடந்தாள்.