வேலிக்கு வெளியே

காலை ஆறரை மணி.

அவள், கணவன் சூசையின் கல்லறைத் தலைமாட்டில் குந்தியிருந்து செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

கரும்பச்சை இலை. ஊதாப் பூ. எந்த நாட்டுச் செடி என்று அவளுக்குத் தெரியாது. இருமல் மருந்துக்கு என்று கம்பெனிக்காரர்கள் நாற்று கொடுத்தார்கள். அந்த மலையில் முதலில் வாங்கி நட்டவன் சூசை.

வேறு எதை நட்டாலும் காட்டுமாடு விடாது. இதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

அவன் இறந்த ஆண்டு, கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் செவ்வந்தி கொண்டுவந்தார்கள். அவள் தோட்டத்திலிருந்து இதை மண்ணோடு பெயர்த்து வந்து நட்டாள்.

அவனுடைய செடி. வேறெதுவும் தோன்றவில்லை.

வேர் பிடித்துக்கொண்டது.

அடுத்த திருநாளுக்குள் சூசையை மூடிவிட்டு, பக்கத்துக் கல்லறையில் செபஸ்தியின் மேலும் ஏறியிருந்தது. செபஸ்தியின் மனைவி ரெஜினா மெழுகுவத்தியும் கையுமாக நின்று பார்த்தாள்.

“உசுரோட இருக்கையில எங்க வரப்புல ஒரு முழம் தின்னான். செத்தும் அடங்குறானா பாரு, உம் புருசன்!”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மறுநாள் களைக்கொத்தால் கொத்தி எடுத்து, கல்லறைச் சுற்றுச்சுவருக்கு அப்பால் ஓடைப் பக்கம் வீசினாள். களையை எல்லோரும் அங்கேதான் வீசுவார்கள்.

வெட்டுப்பட்ட ஒவ்வொரு வேரும் ஒரு செடியானது.

இன்று ஆய்வாளர் வருகிறார். இந்தச் செடி மலையில் இருக்கலாமா, கூடாதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். தோட்டத்துக்குள் அடங்கிக் கிடந்தால் விட்டுவிடுவார். வேலிக்கு வெளியே முளைத்திருந்தால், தோட்டத்தில் இருப்பதையும் சேர்த்து வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். கம்பெனிக்காரர் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்குச் செடி நட்ட அந்தச் சரிவைத் தவிர வேறு நிலம் இல்லை.

இந்த முறை கொத்தவில்லை. மண்ணுக்குள் விரலை விட்டு, வேரின் போக்கிலேயே போய் எடுத்தாள். வெள்ளை வேர். நூல்போல நீண்டுகொண்டே வந்தது. கீழே எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று ஒருமுறை நினைத்தாள்.

பிறகு நினைக்கவில்லை.

அழுகை வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். சாக்கு நிறைந்துகொண்டிருந்தது.

சூசை முடிந்தான். செபஸ்தி முடிந்தார். சுவரேறி இறங்கி ஓடைக்குப் போனாள். தண்ணீரில் நின்றபடி கரையை அரித்து எடுத்தாள். விரல்கள் மரத்துப்போயின. எது விரல், எது வேர் என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கடைசிச் செடியைச் சாக்கில் திணித்துவிட்டு நிமிர்ந்தாள்.

அக்கரையில் காடு.

மரங்களுக்கு அடியில், கண் போகும் மட்டும், ஊதா.

நின்று பார்த்தாள். நன்றாகப் பூத்திருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

பின்னால் சருகு மிதிபட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் இளைஞர். தோளில் பை. கழுத்தில் கயிறு கோத்த பூதக்கண்ணாடி. வெறும் மண்ணாகக் கிடந்த இரண்டு மேடுகளுக்கும் நடுவில் நின்றிருந்தார்.

“செடி பார்க்க வந்திருக்கேம்மா. முதல் பஸ்ஸுக்கே வந்துட்டேன்.”

அவருக்கும் ஓடைக்கும் இடையில் உண்ணிப்புதர் அடர்ந்திருந்தது. இறங்கி வந்தால்தான் அக்கரை தெரியும்.

அவள் சாக்கின் வாயைச் சுருட்டிப் பிடித்தாள்.

அவர் அவளுடைய நனைந்த சேலையைப் பார்த்தார். பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, சுவரில் ஒரு காலைத் தூக்கி வைத்தார்.

“நனைஞ்ச சாக்கு கனமா இருக்குமே. நீங்க இருங்கம்மா, நான் இறங்கி வந்து தூக்கறேன்.”