ஐந்தாம் அங்கத்தில் ஒரு சிரிப்பு

அரசி செத்துக் கிடக்கிற இடத்தில் வகுப்பே சிரித்தது.

ஆரம்பித்து வைத்தவன் கடைசி பெஞ்சு லவுட்ஸ்பீக்கர். பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளியில் பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. அவன் தும்மினால் மூன்று வகுப்பு தள்ளி 'நூறு' என்பார்கள்.

டீச்சர் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார்.

நானூறு வருஷத்துக்கு முந்தைய துன்பியல் நாடகம். ஐந்தாம் அங்கம். வயதான அரசன், உயிர்போன அரசியின் கையைப் பிடித்துக்கொண்டு, 'விடிந்துவிட்டது, எழுந்திரு' என்று சொல்கிற இடம். அரசன் வசனத்தை டீச்சரே வாசித்துக்கொண்டிருந்தார். தொண்டை லேசாகக் கமறியது. ஒரு நொடி நிறுத்தினார்.

அந்த ஒரு நொடியில்தான் சிரிப்பு வெடித்தது.

"என்ன சிரிப்பு?"

கேட்ட பாவத்துக்குச் சிரிப்பு இன்னும் கூடியது. முன்வரிசையில் லீடர் பெண், கூப்பிட்டால் மட்டும் வாயைத் திறக்கிறவள், அவளும் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"ஒரு மனுஷன் பொண்டாட்டியைப் பறிகொடுத்துட்டு நிக்கிறான். உங்களுக்கு இளிப்பு வருதா?"

"இல்ல டீச்சர்," என்றான் லவுட்ஸ்பீக்கர். "எங்கம்மா என்னை ஸ்கூலுக்கு எழுப்பற மாதிரியே இருந்துச்சு. நானும் அந்தம்மா மாதிரிதான், அசைய மாட்டேன்."

மறுபடியும் கொல்லென்று சிரிப்பு. டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது.

"எழுந்து நில்லு."

நின்றான்.

ஆண்டு விழாவில் இதே நாடகத்தைப் போடுவதாக ஏற்பாடு. அரசன் வேஷம் இவனுக்கு. மைக் வேண்டாம் என்பதற்காகக் கொடுத்ததுதான். ஆனால் பையன் அந்த வேஷத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டான். நடக்கிறபோதெல்லாம் வசனம் முனகினான். கேன்டீனில் டீ வாங்குவதற்குக்கூட அரசன் மாதிரிதான் கையை நீட்டினான்.

"சாவைப் பார்த்துச் சிரிக்கிறவனுக்கு அரசன் வேஷம் எதுக்கு? உன்னை எடுத்தாச்சு. வேற ஆள் பார்த்துக்கறேன்."

அவன் முகம் சுண்டிப்போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தவன், மென்று விழுங்கினான்.

"சரி டீச்சர்," என்றான்.

அவன் இவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

டீச்சர் விடவில்லை. மிச்ச நேரம் முழுக்கப் பொரிந்து தள்ளினார். கவிதையும் நாடகமும் மார்க்குக்காகவா, அடுத்தவன் வலி தெரியாதவனுக்கு இலக்கியம் எதற்கு, உங்களுக்கெல்லாம் பாடம் எடுப்பதற்குச் சுவரிடம் பேசலாம் என்று மூச்சு விடாமல் திட்டினார். மணி அடித்தபோதுதான் ஓய்ந்தார்.

ஆச்சரியம் என்னவென்றால், அதற்குப் பிறகு உடம்பு லேசாக இருந்தது. மத்தியானம் டப்பாவைத் திறந்து, பல நாளைக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டார்.

"உங்க குரல் என் வகுப்பு வரைக்கும் வந்துச்சு," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியார். "பசங்க கணக்கை விட்டுட்டு உங்களைத்தான் கேட்டாங்க."

"தொந்தரவா இருந்திருந்தா மன்னிச்சிடுங்க சார்."

"தொந்தரவா? நிம்மதியா இருந்துச்சும்மா. நீங்க லீவு முடிஞ்சு வந்ததுலேருந்து யாரையும் ஒரு வார்த்தை அதட்டிக் கேட்கல. பழைய ஆளு திரும்பி வந்தாச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

டீச்சருக்கே சிரிப்பு வந்தது.

சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, ஆசிரியர் அறை வாசலில் லீடர் பெண் நின்றிருந்தாள்.

"டீச்சர், அரசன் வேஷத்தை அவனுக்கே குடுத்துடுங்க."

"ஓ, தூது அனுப்பிட்டானா?"

"இல்ல டீச்சர். உங்ககிட்ட சொன்னா ஜென்மத்துக்கும் பேசமாட்டேன்னு சொல்லியிருக்கான்."

"அப்புறம் என்ன? நீயும்தானே சிரிச்சே? உன்கிட்ட நான் அதை எதிர்பார்க்கல."

"எனக்குச் சிரிப்பே வரல டீச்சர்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "யாருக்குமே வரல. அதெல்லாம் நேத்தே பேசி வச்சது."

டீச்சர் பையை மேஜைமேல் வைத்தார்.

"பேசி வச்சதா? என்னைக் கேலி பண்ணவா?"

"போன வாரம் அந்தப் படகுக் கவிதை நடத்தும்போது பாதியில அழுதுட்டீங்க. வெளிய போயிட்டீங்க. நான் தண்ணி எடுத்துக்கிட்டு உங்க பின்னாடியே வந்தேன். ஹெட்மாஸ்டர் ரூம்ல பேசிக்கிட்டிருந்தீங்க. வீட்டுக்காரர் தவறிப் போனதுலேருந்து என்னால முடியல சார், இன்னொரு தடவை பிள்ளைங்க முன்னாடி அழுதேன்னா வேலையை விட்டுடறேன், அப்படின்னு."

டீச்சர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான்தான் வகுப்புல வந்து சொன்னேன். எல்லாருக்கும் என்னமோ மாதிரி ஆயிடுச்சு. அடுத்தது ஐந்தாம் அங்கம். அதுல அந்த இடம் வருதே, கண்டிப்பா அழுவீங்கன்னு பயம். பாடத்தை நாங்க மாத்த முடியுமா? என்ன பண்றதுன்னே தெரியல. அவன்தான் இந்த யோசனை சொன்னான்."

"என்ன சொன்னான்?"

"'அழுதா டீச்சர் போயிடுவாங்க. கோபம் வந்தா, நம்மளைத் திட்டறதுக்காவது நாளைக்கும் வருவாங்க'ன்னு."