எதிர்ப் பக்கம்

எட்டு வழிச் சாலையின் ஓரத்தில் தம்பி கைத்தடியோடு நிற்கிறார். எதிரே, கண்ணாடியால் இழைத்த கட்டடத்தின் பன்னிரண்டாம் மாடியில், அண்ணனின் பால்கனி வெயிலில் பளபளக்கிறது. இன்று அங்கிருந்து யாரும் கையசைக்கவில்லை. பழைய இடத்தில் இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சந்து. ஒரு வீட்டில் தாளித்தால் பத்து வீட்டில் தும்முவார்கள். மழைகூட அங்கே ஒருக்களித்துத்தான் இறங்கும். "கோழிக்கூடுடா இது. எதிரெதிரே ஃபிளாட் வாங்கிட்டா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டே சாகலாம்" என்று அண்ணன்தான் கூட்டிவந்தார். பால்கனியில் நின்று பார்த்துவிட்டே இருவரும் வாங்கினார்கள். கீழே இறங்கி நடந்து பார்க்கவில்லை. சாலையின் நடுவே ஆளுயரச் சுவர். நடைமேம்பாலத்தின் லிஃப்ட் திறப்பு விழாவன்று ஓடியதோடு சரி. வண்டி திரும்பும் இடமோ ஏறக்குறைய அடுத்த ஊரில். குடிவந்த நாளிலிருந்து உறவெல்லாம் கையசைப்புதான்.

"எப்படியாவது அந்தப் பக்கம் போயிடலாம்டா" என்கிறார் தம்பி. போனைக் காதிலிருந்து எடுக்காமல் மகன் அவர் தோளைப் பிடிக்கிறான். "வேணாம்ப்பா. பெரியப்பாவ வண்டில ஏத்திட்டாங்களாம். திரும்பி இந்தப் பக்கமாத்தான் வரணும்." லாரிகளின் இரைச்சலில் காலடி மண் அதிர்கிறது. வெகுநேரம் கழித்து வெள்ளை அமரர் ஊர்தி வந்து, அவர் முன்னால் வேகத்தைக் குறைக்கிறது. பழக்கதோஷத்தில் தம்பியின் கை மேலே போய் அசைகிறது.

"வாண்ணே" என்கிறார். "ஒருவழியா வந்துட்டே."