பரிமளத்துக்கு ஒரு கல்வெட்டு

படலையைத் திறக்கும்போதே பாலசிங்கம் வாத்தியார் முகத்தைத் துக்கமாக்கிக்கொண்டார். "பரிமளம் அம்மாவின்ர விசயம் கேள்விப்பட்டதில இருந்து எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை," என்று சொல்லியபடியே விறாந்தைக் கதிரையில் இருந்தார். காலையில் நாரந்தனையில் தன் வீட்டில் இடியப்பமும் சொதியும் நன்றாகவே இறங்கியிருந்தன.

எதிரே ஒரு கிழவி இருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு பழைய கலியாணப் படம் மாலையோடு தொங்கியது. மாப்பிள்ளையின் மீசை தெரிந்தது, பெண்ணின் முகம் நகைக்குள்ளும் பூவுக்குள்ளும் ஒளிந்திருந்தது.

முதல்நாள் கனடாவிலிருந்து பரிமளத்தின் மகன் பிரதாபன் போன் எடுத்திருந்தான். "அம்மாவுக்கு ஒரு கல்வெட்டு எழுதோணும் சேர். மடத்துவெளி வீட்டில போய்க் கதையுங்கோ, விபரம் அங்க கிடைக்கும்." செத்தவரைப் பாட்டில் புகழ்ந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று சனத்துக்குக் கொடுக்கும் அந்தப் புத்தகம் எழுதுவதில் தீவுப்பகுதியிலேயே வாத்தியாரை வெல்ல ஆளில்லை. மனுசி கனடாவிலேயே கண்ணை மூடியிருப்பாள், இந்தக் கிழவி வீடு காக்க விட்ட சொந்தக்காரி என்று அவர் முடிவு கட்டினார்.

பரிமளத்தை அவர் ஒருநாளும் கண்டதில்லை. கல்வெட்டு எழுதுவதற்குச் செத்தவரைத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. போன மாதம் வேறொருத்திக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றிக் கொண்டுவந்திருந்தார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"நிலவு முகத்தாள், நிறைகடல்போல் மனத்தாள், கிளியின் மொழியாள், கிளைஞர்க்குக் கற்பகத்தாள்..."

"கொஞ்சம் பொறும் தம்பி," என்றாள் கிழவி. "அந்த மனுசி வாயைத் திறந்தால் கூரையில இருக்கிற காகமும் எழும்பிப் பறக்கும். கிளி எங்கயிருந்து வந்தது?"

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. இந்தச் சனத்துக்குக் கவிதை வாசிக்க வந்த தன்னைத்தான் அடிக்க வேண்டும் என்று நினைத்தார்.

"அம்மா, இதுகள் அணி. ஒண்டைப் போல இன்னொண்டு எண்டால் உவமை. 'போல' எண்டதை எடுத்துப்போட்டு, இதுதான் அது எண்டால் உருவகம். கொஞ்சம் கூட்டிச் சொன்னால் உயர்வு நவிற்சி. விளங்கிச்சுதோ?"

"ஓம். அப்ப பொய் எண்டு எதைச் சொல்லுவீர்?"

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படிக்காத சனத்தோடு வாதாடித் தன் தரத்தைக் குறைத்துக்கொள்ள அவர் தயாரில்லை.

"நிறைகடல் மனமாம்," கிழவி விடவில்லை. "வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதுக்குப் பக்கத்து வீட்டுச் செத்தவீட்டுக்கும் போகாதவ அவ. அதை விடும். கலவரத்தில குருநாகல் கடை எரிஞ்சு, புருசனும் போனாப்பிறகு, திரும்பப் போய் அந்தக் கரிக்குள்ள நிண்டு கடையைத் திறந்தவ. அப்பிடித்தான் பிள்ளையளை ஆளாக்கினவ. அந்த ஒரு வரி எனக்கு வேணும்."

"கடையும் கரியும் வந்தால் பாட்டின்ர அழகு கெட்டிடும் அம்மா."

"பேரப்பிள்ளையளுக்குத் தமிழ் தெரியாது. ஆரும் வாசிச்சு விளங்கப்படுத்தேக்க, நிலவும் கிளியும்தானோ அதுகளுக்குக் கிடைக்கிறது?"

வாத்தியார் பேனையைத் திறந்தார்.

"சரி, அதைப் பிறகு பாப்பம். காலமான வருசம், மாதம், திதி சொல்லுங்கோ. திதி வெண்பாவைத்தான் முதல்ல போடவேணும்."

"அதுக்கு இடம் விட்டு வையும். பிறகு போடலாம்."

செத்த திதிகூடத் தெரியாமல் ஒரு சொந்தக்காரி. இனி ஐயரிடம் ஓடிக் கேட்டுத்தான் சொல்லப்போகிறாள் என்று வாத்தியார் மனதுக்குள் ஏளனம் செய்தார்.

"நீர் பரிமளத்தைக் கண்டிருக்கிறீரோ?" கிழவி திடீரென்று கேட்டாள்.

வாத்தியார் உசாரானார். இவள் மகனுக்குப் போன் எடுத்து இல்லாததும் பொல்லாததும் சொன்னால் காரியம் கெட்டுவிடும். பின்னட்டையில் தன்னுடைய படத்தோடு லண்டன், கனடா எல்லாம் போகவேண்டிய புத்தகம் இது. இந்த வாயை இங்கேயே அடைத்துவிட வேண்டும்.

"காணாமலோ?" என்று குரலை உயர்த்தினார். "இந்த வீட்டுக்கு எத்தினை தரம் வந்தனான். இந்தக் கதிரையில இருந்து அவவின்ர கையால சாப்பிட்டனான். நீங்கள் அவவை வடிவாப் பாத்தியளோ தெரியாது, நான் பாத்தனான். முகம் நிலவேதான். அதில உவமையும் இல்லை, உயர்வு நவிற்சியும் இல்லை. கண்ணால கண்ட உண்மை."

கிழவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். கதிரையை இழுத்து, முற்றத்து வெயில் முகத்தில் விழும்படி முன்னால் வந்து இருந்தாள்.

"அப்ப இந்த முகத்தையும் வடிவாப் பாரும்," என்றாள். "செத்தாப்பிறகு எழும்பி வந்து திருத்த ஏலாது எண்டுதான் தம்பி, இப்பவே மகனைச் சொல்லி உம்மைக் கூப்பிடுவிச்சனான்."